சுவரில் ஆடும் வெளிச்சம்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. திருப்பூர் அருள்புரம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் வாட்ச்மேன்கள் இரவில் மூட்டும் தீயைப் பற்றி ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. மகுடேஸ்வரன் என்ற முதலாளி தன் போனில் காமிராப் படத்தைக் காட்டினார். அவருடைய கம்பெனி காமிராவில் தீ எரியும் தார் டிரம் விழாது. காம்பவுண்டுச் சுவரில் ஆடும் வெளிச்சம் மட்டும் விழும்.

"வெளிச்சம் ஆடுதுங்களா? அப்ப வாட்ச்மேன் ராக்கையா முழிச்சிருக்கான்னு அர்த்தமுங்க. ஒருக்கா எந்திரிச்சுப் பாத்துட்டு நானும் படுத்துக்குவேன்."

அந்த வரியோடு முடித்திருக்கலாம்.

2

தொடக்கம், முதல் வரைவு: 'ராக்கையா விடிய விடியத் தீயருகே உட்கார்ந்திருந்த—'

[பொய். ராக்கையாவுக்குப் பக்கவாதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. வாட்ச்மேன் அறையில் வாய் கோணி, பேச்சில்லாமல் கிடக்கிறார். தீ மூட்டுவது அவர் மனைவி ஒச்சாயி. தெரிந்தால் வேலையோடு அறையும் போகும்.]

இதை ஒச்சாயியே சொன்னார், நேற்றுக் காலை, டிரம்மிலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டே. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்.

"பகல்ல யாரு கேட்டாலும் தூங்குறாருன்னுருவேன். 'என்னக்கா, ஒங்காளு கும்பகர்ணனுக்கு அண்ணனா'ன்னு டெய்லருக பூராம் சிரிக்குதுக. சிரிக்கட்டும்."

3

ஒச்சாயியை நல்லவராக மட்டுமே எழுத ஆசைப்பட்டேன். ஆனால்

(அந்த வாக்கியம் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.)

திங்கள் இரவு மழை. டிரம் தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. விறகு வெளியே நனைந்துவிட்டது. வழக்கமாகத் தீயில் போடும் துணிக்கழிவு மூட்டைகளையும் அன்று வியாபாரி ஏற்றிப் போயிருந்தார். தீ அடங்கிக்கொண்டிருந்தது. துணி வெட்டும் கூடத்தின் வாசலில் கிடந்த ஒரு சாக்கை ஒச்சாயி இழுத்து வந்து தீயில் போட்டார்.*

செவ்வாய் காலை சாக்கைக் காணோம். முந்தைய நாள் கடைசியாகக் கூடத்தைப் பூட்டியவன் பிகாஷ், ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர். எடைக்குப் போட்டுவிட்டான் என்கிறார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"உண்மையைச் சொல்லிவிடலாமே?" என்றேன்.

"சொல்லிப்புட்டு இவரத் தூக்கிக்கிட்டு எங்க போவேன் தம்பி? அந்தப் பயலுக்குக் கையுங் காலும் நல்லாருக்கு. எங்குட்டாச்சும் போயிப் பொழச்சுக்கிருவான்." சாம்பல் கூடையைத் தூக்கினார். "நீங்க என்ன வேணா எழுதிக்கங்க. அந்தச் சாக்க மட்டும் எரிச்சுறாதீங்க."

* உள்ளே இருந்தவை தைக்க வேண்டிய நானூறு ஜோடி டி-ஷர்ட் கைகள். வெட்டிய கையும் கழிவுத் துணியும் இருட்டில் ஒன்றுதான்.

4

அவர் கேட்டபடியே எழுதிப் பார்த்தேன். நனைந்த விறகு எப்படியோ பற்றிக்கொண்டது. சாக்கு எரியவில்லை. நடைகூட நன்றாக வந்தது. கடைசிப் பத்தியில்தான் கவனித்தேன்: எரியாத சாக்கைக் காணாமலாக்க என் கதையில் ஒரே ஆள்தான் இருந்தான். பிகாஷைத் திருடனாக்கியிருந்தேன், நானே.

கிழித்தேன்.

வேறு முடிவு: முதலாளி மன்னிக்கிறார். [அவரை எனக்குத் தெரியும். வெட்டவும்.]

இன்னொன்று: ஒச்சாயியே போய்ச் சொல்கிறார். [என் வேலையை அவர் தலையில் கட்டுகிறேன். வெட்டவும்.]

5

மகுடேஸ்வரன் இப்போதுதான் கூப்பிட்டார். "பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கறமுங்க. அதையும் கட்டுரைல சேத்திக்கங்க."

"சரிங்க" என்றேன்.

மணி ஒன்பதரை. ராக்கையாவைப் படுக்க வைக்க வேறு இடம் எனக்குத் தெரியாது. பிகாஷுக்கு என்னையே தெரியாது. எல்லாம் தெரிந்து, பேச வாயும் உள்ளவர்கள் மூன்று பேர்: ஒச்சாயி, நான், இப்போது நீங்கள்.

நாங்கள் இருவரும் இதுவரை வாய் திறக்கவில்லை.