பட்டன் சாப்பிட்டது

கோப்பையிலிருந்த வெந்நீருக்குள் பாம்புக்குப் போட வேண்டிய எலிக்குஞ்சை, அது இருந்த பிளாஸ்டிக் பையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் ஓரின். விரலால் அழுத்திப் பார்த்தார். ஃப்ரீசரின் கல்தன்மை இன்னும் போகவில்லை.

"மறுபடியும் என் காபிக் கோப்பையா?" என்றாள் மனைவி லோர்னா.

"இது கைப்பிடி உடைஞ்சது."

"உடைஞ்சாலும் என்னோடதுதான். மைக்ரோவேவ் பக்கம் மட்டும் போயிடாத, புண்ணியவானே."

போன மாதம் அவசரப்பட்டு ஒரு எலியை அதில் வைத்துவிட்டார். அது வெடித்த சத்தம் முன்னறை வரை கேட்டது. அங்கே கட்டிலில் இருந்த மகள் மாரென் இருமல் வருமளவுக்குச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்கவில்லை.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொல்லி மகளை வீட்டுக்கு அனுப்பியதும், சோபாவை கராஜில் தள்ளிவிட்டு முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே உறைந்துபோன ஏரி. அதன்மேல் மீன் பிடிப்பவர்களின் சின்னச் சின்னக் குடில்கள். பாம்புக்குட்டி மட்டும் மாடியில், அவளுடைய அறையிலேயே, சூடு விளக்கின் கீழே கண்ணாடித் தொட்டியில் இருந்தது.

இலையுதிர்காலத்தில், நோய் போய்விட்டதென்று எல்லோரும் நம்பிய அந்தக் கொஞ்ச நாட்களில் மாரென் அதை வாங்கிவந்தாள். மலைப்பாம்பு இனம்தான். ஆனால் சுருண்டுகொண்டால் கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கிறது என்று சொல்லி 'பட்டன்' என்று பெயர் வைத்தாள். "முப்பது வருஷம் இருக்கும்மா. உங்களுக்கப்புறம் எனக்குத் துணை," என்று லோர்னாவைச் சீண்டினாள். லோர்னா பாம்பு இருக்கும் அறைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை.

மாரென் படுத்ததிலிருந்து பட்டன் எதையும் தின்னவில்லை. எலியைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். முதுகெலும்பு கூரை முகடுபோலத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

காலையில் க்வென் வந்திருந்தாள். வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ். லோர்னா ஆப்பிள் மசியலை ஸ்பூனில் எடுத்து மகளின் உதட்டருகே கொண்டுபோக, க்வென் அவளுடைய மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் லோர்னா. வாயை மூடிக்கிட்டா விட்டுடுங்க."

"ஒரு ஸ்பூன்தானே."

"அதுவே தொண்டையில நின்னுடும்."

லோர்னா கொஞ்ச நேரம் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஓரின் கட்டிலருகே வந்தபோது மாரென் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"பட்டன்?"

"இன்னும் இல்லடா."

இதை அவர் உண்மையாகச் சொல்லக் கற்றுக்கொண்டது சமீபத்தில்தான். ஒருநாள் மனசு கேட்காமல் "சாப்பிட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டார். "தலை முதல்ல போச்சா, வாலா?" என்று கேட்டாள். "வால்தான், வழுக்கிக்கிட்டுப் போச்சு" என்றார். "எந்தப் பாம்பும் வாலிலிருந்து தின்னாதுப்பா. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு சொன்னப்பவும் நீ இப்படித்தான்," என்றாள்.

"நான் போனதும் பட்டனை யாருக்காவது குடுத்துடுங்க. பரவாயில்ல. ஆனா பட்டினியா மட்டும் விட்டுடாதீங்க," என்றாள் இப்போது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது தின்னுச்சுன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி. அம்மாவோட காலி மார்ஜரின் டப்பா ஒண்ணு எடு. மூடியில ஓட்டை போடு. பட்டனையும் எலியையும் உள்ள வச்சு மூடிட்டு வெளிய வந்துடு. பார்த்துக்கிட்டே நிக்காத. நீ அப்படி முறைச்சுப் பார்த்தா யாருக்குப்பா பசிக்கும்?"

எலியின் தலையை மட்டும் மறுபடி வெந்நீரில் நனைத்துச் சூடாக்கி, அவள் சொன்னபடியே செய்தார். டப்பாவைத் தொட்டிக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். கீழே சமையலறையில், சர்ச்சிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த ஆர்டிஸின் குரல் கேட்டது.

"கோழியும் நூடுல்ஸும். பாத்திரத்துக்கு அடியில என் பேரை ஒட்டியிருக்கேன்."

"ஃப்ரீசர்ல இடமே இல்ல ஆர்டிஸ்."

"இந்தப் பையைத் தள்ளிவச்சா வச்சிடலாமே. என்னது இது, கோழியா?"

"எலி."

வாசல்கதவு சாத்தப்படும் சத்தம் சீக்கிரமே கேட்டது.

அவர் உள்ளே போய் மூடியைத் திறந்தார். எலி இல்லை. பட்டனின் கழுத்துக்குக் கீழே ஒரு புடைப்பு. கட்டை விரல் தடிமன் இருக்கும், மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. இந்தக் குளிர்காலம் முழுவதிலும் அந்த வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம்.

"மாரென்! சாப்பிட்டுடுச்சு!" படியில் இறங்கிக்கொண்டே கத்தினார்.

அவர் கட்டிலருகே வந்தபோது அவளுடைய இமை அசைந்தது. "பொய்."

"சத்தியமாடா."

"நீ இதுக்கும் சத்தியம் பண்ணுவ."

வேறெப்படி நம்பவைப்பது? மேலே ஓடினார். பாம்பை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு, குளிர் ஊறிய படிக்கட்டில் தடதடவென்று இறங்கிவந்து, போர்வைமேல் விரிந்து கிடந்த அவள் உள்ளங்கையில் வைத்தார். அவளுடைய கட்டை விரலைத் தானே பிடித்துப் புடைப்பின் மேல் கொண்டுபோனார்.

அவள் தொட்டாள். மறுபடி தொட்டாள். முகம் சிறுபிள்ளையின் முகம்போல ஆனது. அப்புறம் புருவம் சுருங்கியது.

"சாப்பிட்டதும் எடுக்கக் கூடாதுப்பா… கக்கிடும். கொண்டுபோய் வை. சீக்கிரம்."

"ஒண்ணும் ஆகாது. இதோ வச்சிடறேன்."

பாலை எடுத்துப்போவதுபோலத் தளும்பாமல் எடுத்துப்போனார். இறங்கிவந்தபோது லோர்னா கட்டிலருகே இருந்தாள்.

"பார்த்தேம்மா. தொட்டுப் பார்த்தேன்," என்று மாரென் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. மதியத்துக்கு மேல் மூச்சு மாறியது. நீளமாக ஒன்று இழுப்பாள். பிறகு ஒன்றுமே இருக்காது. இருவரும் காத்திருப்பார்கள். மறுபடி ஒன்று வரும். ஏரிமேல் வெளிச்சம் நீலமானபோது ஒரு மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. லோர்னா இன்னும் குனிந்து காத்திருந்தாள்.

க்வென் வந்தாள். பிறகு சவ அடக்கக் கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பனிக்குப் போட்டிருந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு காலுறையோடு உள்ளே வந்து, மாரெனைக் கொண்டுபோனார்கள். ஓரினுக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. மாடிக்குப் போனார்.

விளக்கின் கீழே காகிதத்தின் மேல் எலி கிடந்தது. ரோமம் ஒட்டி, நனைந்து, நீண்டுபோய். தொட்டியின் மறுகோடியில், சூடு எட்டாத இடத்தில், பட்டன் இறுக்கமாகச் சுருண்டிருந்தது. வாயோரம் நுரை. விரலால் தொட்டார். அது தலையைத் தூக்கவில்லை.

டிஷ்யூவில் எலியை எடுத்துச் சுற்றியபோது படியில் காலடி கேட்டது. லோர்னா. அறை வாசலில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு உள்ளே வந்தாள்.

"எங்க இருக்கு அது?"

"தூங்குது."

"நான் ஒரு தடவை தொடட்டுமா, ஓரின்? அவ தொட்ட இடத்தை மட்டும். எப்படித் தொடணும்னு சொல்லு. பயப்பட மாட்டேன்."

"இன்னிக்கு வேண்டாம். வயித்துல எலி இருக்கிறப்ப தொடக் கூடாது."

"அப்படியா," என்றாள். அவள் கோபப்படவில்லை. மகளின் பழைய கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டி இருந்த பக்கம் பார்த்தாள். "சரி. ஜீரணமாகட்டும். நான் இருக்கேன்."

கீழே மாரெனை ஏற்றிய வாகனம் பனியை நெரித்துக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்து, தெருவில் திரும்பியது. ஓரின் தொட்டியை மறைத்தபடி நின்றார். முதுகுக்குப் பின்னால் மூடியிருந்த கைக்குள் டிஷ்யூ ஊறி, ஈரம் விரலிடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.