யாரிடம் முதலில் சொன்னாள்?

விருபாக்ஷனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கம் வருகிறதென்று கதவைச் சாத்திக்கொண்ட பெண்டாட்டி சுமங்கலா, இருட்டறைக்குள் யாரிடமோ ஃபோனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு இடது பக்கம், ஈரண்ணா. கண்ணுக்குப் பின்னாடி ஆணி இறங்குது. ம்ஹூம், அவர்கிட்ட சொல்லல."

ஈரண்ணா, தார்வாட் ஆஸ்பத்திரியில் அவளோடு லூபஸுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கே வரும் அந்தத் தீராத நோய்க்கு, வைத்தியம் பார்த்துக்கொள்கிறவன். அத்தனை பெண்களுக்கு நடுவே ஒரே ஆண். கட்டின புருஷன் கதவுக்கு வெளியே நிற்க, தலைவலிச் செய்தி மட்டும் அவனுக்குப் போகிறதாம்! முகம் தெரியாத அந்த ஆளுக்குச் சுருட்டை முடியும் அரும்பு மீசையும் வைத்துப் பார்த்து வயிறெரிந்தான் விருபாக்ஷன்.

அடுத்த முறை வாசலோடு திரும்பாமல் அவளோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். மாத்திரையில் உப்பிய முகம், கன்னமெல்லாம் சிவப்பு, வெயிலுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை, கையில் பூப்போட்ட குடை. அதுதான் ஈரண்ணா.

"வாங்க மாமா! அக்கா ஓயாம உங்களப் பத்தித்தான் பேசுவாங்க."

சிரிப்பு வரவேண்டிய இடத்தில் விருபாக்ஷனுக்குப் பொறாமை இரட்டிப்பாயிற்று. அழகன் என்றால் சண்டையாவது போடலாம். பாழாய்ப்போன அந்த நோய் எனக்கு வந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தான்.

வீடு திரும்பியதும் கேட்டே விட்டான். "என்கிட்ட சொன்னா வாய் வெந்துடுமா?"

"போன வருஷம் சொன்னேனே! நோய் மூளைக்கு ஏறிடுச்சுன்னு நடுரோட்டுல அழுதீங்க. ஹூப்ளியிலேருந்து உங்க அக்காவ வரவழைச்சீங்க. ஸ்கேன் எடுத்தா வெறும் ஒத்தைத் தலைவலி. காய்ச்சலோ, பார்வை மங்கறதோ, இதுவரைக்கும் வராத மாதிரி வலியோ இருந்தா ஓடி வாங்கன்னாரு டாக்டர். வலிக்கறப்ப உங்க பயத்தையும் நானே சுமக்கணுமா? ஈரண்ணா 'எனக்கும்தான்க்கா'ன்னு சொல்லிட்டுச் சும்மா கேட்டுக்கிட்டிருப்பான்."

விருபாக்ஷன் எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டான்.

சில நாள் கழித்து, சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள். "என்னங்க, தலை வலிக்குது. எப்பவும் வர்றதுதான். காய்ச்சல் இல்ல, பார்வையும் சரியா இருக்கு."

தன்னிடம் சொல்லிவிட்டாள்! ஸ்கேன், டாக்டர், ஆட்டோ எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினான். அவளைப் படுக்கவைத்து, ஈரத்துணி கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்தான்.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள். "கால ஆட்டாதீங்க. கட்டிலே நடுங்குது."

"நான் ஆட்டல. அதுவா ஆடுது." இருக்கிற பெருந்தன்மையையெல்லாம் திரட்டிக்கொண்டு கேட்டான். "வேணும்னா ஈரண்ணாவுக்கு ஃபோன் போட்டுத் தரட்டுமா?"

"போட்டுப் பாத்துட்டேன். அவனுக்கும் இன்னைக்குத் தலைவலியாம், பேச முடியல. அதான் உங்ககிட்ட சொன்னேன்."

விருபாக்ஷனின் கால் சட்டென்று ஆட்டத்தை நிறுத்தியது.