அடுத்தவர் வானம்

கெஸியா மூன்றாவது தடவையாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய் மடிக்கணினியின் முன்னால் நின்றாள். இடது கை விரலால் மழை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தக் கருஞ்சிவப்புப் பொட்டு முன்பு பார்த்த இடத்திலேயே இருந்தது. அவலாஞ்சிப் பாதையில், எமரால்டு ஊரைத் தாண்டி, சரிவுக்கு நேர் மேலே. இன்று மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பதுக்குள் முந்நூற்று நாற்பது மில்லிமீட்டர் மழை. நாலு மணி நேரத்துக்கு முந்நூற்று நாற்பது என்றால் அதை மழை என்று சொல்லக்கூடாது, வேறு ஏதாவது பெயர்தான் வைக்கவேண்டும்.

"ஏங்கண்ணு, அந்தப் பொட்டி எங்கியாச்சும் ஓடியா போயிரும்? உக்காந்து ரெண்டு வாய் தின்னேன்" என்றாள் அம்மா, தபித்தாள் டீச்சர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தவளுக்குத் தன் பிள்ளையை உட்கார வைக்க முடியவில்லை.

வெளியே ஊட்டியின் காந்தல் பக்கம் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை, பள்ளிகளுக்கு லீவு. தெருவில் பையன்கள் ஸ்டம்புக்குப் பெயிண்ட் டப்பாவை வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள். மேற்கே மட்டும் மேகம் ஒரு கோடு மாதிரி நின்றது. ஆடி மாதத்தில் ஊட்டிக்காரர் யாரும் அந்தக் கோட்டுக்கெல்லாம் குடையை எடுக்கமாட்டார்கள்.

கெஸியாவின் பிழைப்பு இந்த மழைதான். ஆறு வருஷமாக ஐரோப்பாவில் ஒரு வானிலை அலுவலகத்தில் இருக்கிறாள். அங்கே இருபத்துச் சொச்சம் நாடுகள் சேர்ந்து ஒரே ஒரு கணக்கை எழுதுகின்றன. அடுத்த இரண்டு நாளைக்கு எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு என்ன பெய்யும் என்று, ஊரை ஒன்றரைக் கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிச் சொல்கிற கணக்கு. ஒரு காலத்தில் ஒருத்தன் எல்லையில் ஒருத்தன் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாடுகள், இப்போது ஒரே உலையில் அரிசி போட்டுவிட்டு உப்பு எவ்வளவு என்று மட்டும் சண்டை பிடிக்கின்றன. மலைநாட்டுக்காரர்களுக்குப் பள்ளத்தாக்கு மூடுபனி சரியாக வரவேண்டும். அதைச் சரிசெய்தால் கடலோர நாட்டுக்காரரின் காற்று கெட்டுப்போகும். உடனே கூட்டம், உடனே கடிதம். அதில் கெஸியாவின் பங்கு, சரிவில் மழை எப்படி விழுகிறது என்கிற பகுதி. மூன்று வருஷம் அதிலேயே கிடந்து, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதியிருந்தாள். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வியாழக்கிழமை எல்லா நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.

சேர்க்கும் முன்னால் செங்குத்தான மலைகளில் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஐரோப்பாவின் மலைகளோடு கூட நீலகிரியையும் சேர்த்துக்கொண்டாள். விண்ணப்பத்தில் காரணம் கேட்டிருந்த இடத்தில், சரிவு அதிகம், மழை அதிகம் என்று எழுதினாள். ஊர் ஞாபகம் என்று எழுத அதில் கட்டம் இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் ஊர் மழை யாருக்கும் தேவையில்லாமல் ஒரு கணினியில் பெய்துகொண்டிருந்தது. இப்போது லீவில் வந்தவள் சும்மா இருக்கமாட்டாமல் அதைத் திறந்து பார்த்துவிட்டாள்.

பார்த்தது தப்பில்லை. வெளியே சொல்வதுதான் தப்பு. அவர்களுக்குள் எழுதி வைத்த ஒப்பந்தம் இருக்கிறது. சோதனை எண்கள் வெளியே போகக்கூடாது. அடுத்த நாட்டு வானத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது, அந்தந்த ஊர் மக்களுக்கு அந்தந்த ஊர் அலுவலகம்தான் சொல்லவேண்டும். இரண்டு வாய் இரண்டு விதமாக எச்சரித்தால் ஜனங்கள் இரண்டையுமே நம்பமாட்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வதே கெஸியாதான். எவ்வளவு நியாயமான சட்டம் என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும். இன்றைக்கு அந்த நியாயமே அவள் வழியை மறித்து நின்றது.

காலையில் முதல் வேலையாக யானாவைக் கூப்பிட்டிருந்தாள். யானா மலைநாட்டுக்காரி, கெஸியாவின் கணக்கில் குறை கண்டுபிடிப்பதையே ஒரு தவம் போலச் செய்பவள். "உன் கணக்கு சரிவில் மழையைக் குவிக்கும், உனக்கே தெரியும். எங்கள் மலையில் நாலு தடவை வெள்ளம் என்றது, ஒரு தடவைதான் வந்தது" என்றாள். சொன்னவள் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமையும் அதுவுமாக, இன்னும் இரண்டு நாட்டுக்காரர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, தன்னோடு சேர்த்து ஆளுக்கொரு தடவை நீலகிரியை அவரவர் கணக்கில் ஓட்டிப் பார்க்கச் செய்தாள். மதியம் ஒரு மணிக்குள் மூன்று பதில்களும் வந்துவிட்டன. எழுபது. நூற்றுப் பத்து. இருநூற்றுத் தொண்ணூறு.

இருநூற்றுத் தொண்ணூறைப் பார்த்ததும் கெஸியாவுக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. ஆகா, நான் சொன்னது சரி என்கிற சந்தோஷம். அடுத்த கணமே சீ என்றாகிவிட்டது. அந்தப் பொட்டுக்குக் கீழே பதினோரு வீடு இருக்கிறது. அதில் ஒன்றில் வனிதா இருக்கிறாள், பத்தாவது வரைக்கும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் போன் போட்டாள். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். எச்சரிக்கை கொடுத்தாயிற்று, வண்டிகள் தயார், ஆட்கள் தயார் என்றார். அவர்கள் செய்யவேண்டியதையெல்லாம் செய்துதான் இருந்தார்கள். எந்தச் சரிவு என்று மட்டும் இவளால் சொல்ல முடியவில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.  வனிதாவுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

"ஸ்கூட்டி சாவி எங்கம்மா?"

"அங்க போயி என்னன்னு சொல்லுவ?"

"தெரியலம்மா. போறேன், அவ்வளவுதான்."

வனிதா இருக்கிற லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போய்ச் சேர்ந்தபோது மூன்றே கால். பின்பக்கம் மண்ணை வெட்டி எடுத்த சரிவு, அதன்மேல் தேயிலை, அதற்கும் மேல் மரங்கள். போன வருஷம் மண் இறங்கிய தடம் இன்னும் செம்மண்ணாகவே தெரிந்தது. சரிவைத் தாங்க வைத்த கல் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. வெயிலில் எல்லாம் அழகாக இருந்தது.

"அடியே கெஸி!" வனிதா தேயிலைக் கறை படிந்த கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். டீ வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். வனிதாவின் மாமனார் அய்யாவு, சின்ன வயசில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர், முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார். கெஸியா நின்றபடியே சொன்னாள். சாயங்காலம் பெரிய மழை வரக்கூடும், எதிர்மேட்டில் இருக்கிற சர்ச் ஹாலுக்குப் போய்விடுவது நல்லது.

"வரக்கூடும்னா?" என்றார் அய்யாவு. "வருமா வராதா, அதச் சொல்லு புள்ள."

"நாலு பேரு கணக்குப் போட்டோம் பெரியப்பா. ரெண்டுல வருது, ரெண்டுல அவ்வளவா இல்ல."

"பாதிக்குப் பாதின்னா அத நானே சொல்லுவனே. இதுக்கா பிளேனேறிப் போயிப் படிச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். கெஸியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகை வருகிற மாதிரியான சிரிப்பு. கருப்பம்மா என்கிற பெண், காலையிலிருந்து டீவியிலும் ஆரஞ்சு ஆரஞ்சு என்றுதான் கத்துகிறார்கள், துணி நன்றாகக் காய்ந்ததுதான் மிச்சம் என்றாள். மணி மூன்றே முக்கால்.

வனிதா மட்டும் சிரிக்கவில்லை. கெஸியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு ஒம்பது மணி வரைக்கும் எங்களோட இங்கயே இருப்பியா? மீன் கொழம்பு வெக்கறேன். சாப்ட்டுட்டுப் போ."

இருக்கிறேன் என்று சொல்லத்தான் கெஸியா வாயைத் திறந்தாள். எவ்வளவு சின்னக் கேள்வி. சரிவைப் பார்த்தாள், கல் சுவரைப் பார்த்தாள்.  கால் தன்பாட்டுக்கு ஒரு அடி பின்னால் போய்விட்டது.

"பாருங்க மாமா" என்றாள் வனிதா மெதுவாக. "வந்ததுல இருந்து இவ உக்காரல. டீயக் குடிக்கல. தலயில ஹெல்மெட்டு அப்படியே இருக்குது. நான் பேக்க எடுக்கறேன்."

கெஸியா தலையைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், இருந்தது. மூன்று வருஷக் கணக்கு சொல்லாததை அவள் உடம்பு அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. இத்தனை பேரை உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் ஓடத் தயாராக நின்றிருக்கிறாள்.

நாலு வீடு கிளம்பியது. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ்கள், பாதி வெந்த சோற்றோடு குக்கர். அய்யாவு முக்காலியை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கெஸியாவின் கையில் ஒரு கோழியைக் கொடுத்தார்கள். அடிக்கிற வெயிலில், கோழியும் குக்கருமாக மேட்டில் ஏறிய ஊர்வலத்தை மீதி ஏழு வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "மழ வந்ததும் மறக்காமக் கூப்புடுங்க ஃபாரின் மேடம்" என்று யாரோ கத்தினார்கள்.

ஹால் சாவி வைத்திருந்த சுவிசேஷமுத்து வானத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, எத்தன நாளைக்குங்க?"

"இன்னிக்கு ஒரு நாளைக்குங்க" என்றாள் வனிதா.

நாலரை மணிக்குக் காற்று நின்றது. ஹால் வாசலிலிருந்து பார்த்தால் கீழே லயம் முழுசாகத் தெரிந்தது. ஏழு கூரைகளிலிருந்து அடுப்புப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. யானாவிடமிருந்து செய்தி வந்தது: அங்கே என்ன நடக்கிறது? கெஸியா பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள். மழை வராவிட்டால் இந்த நாலு வீடும் இனி ஜென்மத்துக்கும் யார் பேச்சையும் கேட்காது, வியாழக்கிழமை அவள் கணக்கும் குப்பைக்குப் போகும். வந்துவிட்டால் அந்த ஏழு வீடு. என் கணக்கு தப்பா இருக்கட்டும் ஆண்டவரே என்றாள் வாய்விட்டு. மூணு வருஷமும் தப்பாவே இருக்கட்டும். சொல்லி முடித்ததும் நிற்கமுடியவில்லை. கோழியை வனிதாவிடம் திணித்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, கீழே இறங்கி ஓடினாள்.

முதல் வாசலில் கருப்பம்மா துடைப்பத்தோடு நின்றாள். கெஸியாவுக்கு மூச்சு வாங்கியது. எழுபதும் இல்லை, இருநூற்றுத் தொண்ணூறும் இல்லை, சொல்ல ஒரு எண்ணும் கிடைக்கவில்லை.

"அக்கா, எனக்குப் பயமா இருக்குதுக்கா. வாங்க, போயிரலாம்."

கருப்பம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு நெற்றிக்கு மேல் கையை வைத்து மேற்கே பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, வாசல் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட ஆரம்பித்தாள், அவசரமே இல்லாமல்.