மந்திரியின் கைகள்

வீட்டில் அவளுக்கு மந்திரி என்று பெயர். பஸ் ஓட்டுகிற அப்பா வைத்த பெயர். யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், யார் எந்தத் தட்டில் சாப்பிட வேண்டும் என்று ஆறு வயதிலேயே உத்தரவு போட்டவள், பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு கேட்க வேண்டுமா? மந்திரி வாயைத் திறந்தால் வீட்டில் ஒரு சட்டம் பிறக்கும். பெற்றவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அந்தச் சிரிப்புதான் பிள்ளையைக் கெடுத்தது என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும்.

இந்த முறை சட்டம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. வகுப்பு டீச்சர் நல்ல மனுஷி, எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறவர். பிள்ளைகளுக்கு ஒரு மாத வேலை கொடுத்திருந்தார். வீட்டில் பூமிக்குப் பாரமாக இருக்கிற ஒரு பழக்கத்தை விட வேண்டும். வாரா வாரம் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும்: நம் பண்பாட்டில் எதைத் தெரிந்துகொண்டாய், பூமிக்கு என்ன செய்தாய், நீ எப்படி வளர்ந்தாய். மாதக் கடைசியில் பெற்றோரை அழைத்து விழா. நன்றாகச் செய்தவருக்கு மேடையில் பச்சை பேட்ஜ் குத்துவார்கள்.

அந்த பேட்ஜ் தனக்குத்தான் என்று மந்திரி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். மற்ற பிள்ளைகள் பிளாஸ்டிக் பை, பாட்டில் என்று சில்லறையாக யோசித்துக்கொண்டிருக்க, இவள் பெரிய இடத்தில் கை வைத்தாள்.

"இன்னையிலேர்ந்து ஒரு மாசத்துக்கு நம்ம வீட்டுல வாஷிங் மெஷின் ஓடாது. எல்லாத் துணியும் கையாலதான். நம்ம முன்னோருங்க எல்லாம் கையாலதானே தொவச்சாங்க?"

"முன்னோருங்களுக்கு உங்கண்ணன் மாதிரி ஒரு புள்ள இல்லடி" என்றாள் அம்மா. அண்ணன் டயர் கடையில் வேலை செய்கிறவன். அவன் கழற்றிப் போட்ட பேன்ட்டை நிற்க வைத்தால் தானாக நிற்கும்.

"நான் தொவைக்கறேம்மா. நீ ஒண்ணுமே செய்ய வேணாம்."

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கப் போர்வை, விரிப்பு, டாக்டர்களின் அங்கி. ஆள் உயர மெஷின்களிலிருந்து ஈரத் துணியை இழுத்துப் போட்டு, கொதிக்கிற உருளையில் கொடுத்துத் தேய்த்து, மடித்து அடுக்க வேண்டும். அந்த உருளை ஒருநாள் அவளுடைய வலது கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. அவரை விதை அளவுக்குப் பளபளவென்று ஒரு தழும்பு. சோப்புத் தூளில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். வீட்டுக்கு ஒரு மெஷின் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள் அவள்தான். அது வந்த அன்று அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுற்றி முடிக்கிற வரைக்கும் சினிமா பார்ப்பதுபோல் பார்த்தாள். "எனக்காக ஒண்ணு வேல செய்யுது பாருங்க" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த மெஷின் மேல்தான் மந்திரி பச்சை மையில் 'பூமிக்காக ஓய்வு' என்று எழுதி ஒட்டினாள்.

அம்மா முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்து வேலை என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் மறுக்க வாய் வராது.

முதல் நாள் மந்திரி பாட்டுப் பாடிக்கொண்டே துவைத்தாள். அடுத்த நாள் பாட்டு இல்லை. அதற்கடுத்த நாள் அண்ணனுடைய டயர் கடைப் பேன்ட் வாளிக்குள் கிடந்தது. அதைப் பிழிய இரண்டு கையும் போதவில்லை, இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. அழாக்குறையாக நின்றுகொண்டிருந்தபோது அம்மா வேலையிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நேராகக் குளியலறைக்குள் வந்துவிட்டாள்.

"நகரு. நீ போயி எழுதற வேலையப் பாரு. இத நான் பாத்துக்கறேன்."

"இன்னிக்கு மட்டும்தாம்மா."

"சரிடி, இன்னிக்கு மட்டும்."

அந்த 'இன்னிக்கு மட்டும்' மாதம் முழுக்க ஓடியது. 'துணி துவைக்கும்போது நம் முன்னோரின் பொறுமை என் விரல்களுக்குள் இறங்குகிறது' என்று மந்திரி இந்த அறையில் உட்கார்ந்து எழுதினாள். அந்த அறையில் முன்னோரின் பொறுமை மொத்தமும் சேர்ந்து டயர் கடைப் பேன்ட்டைக் கும்மிக்கொண்டிருந்தது. சத்தத்தில் எழுத ஓடவில்லை என்று ஒருநாள் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஆமாம், சாத்தினாள். கொஞ்சமாவது உறுத்தியதா என்றால், உறுத்தியது. உறுத்தலைப் பற்றி எழுத அந்தப் பக்கத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு ஒரு படம் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். அன்று சாயங்காலம் அம்மா ஒரு பெரிய விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். மந்திரி போனை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றாள்.

"அம்மா, அப்படியே இரு."

"ஐயையோ, மூஞ்சிய எடுக்காதடி, தலகூட வாரல."

"மூஞ்சி இல்லம்மா, கை மட்டும்."

"கையில என்னடி இருக்கு எடுக்கறதுக்கு?" என்று அம்மா சிரித்துவிட்டு, கேட்ட மாதிரியே பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

படம் அருமையாக வந்துவிட்டது, அதுதான் வினை. நுரைக்கு நடுவே முறுக்கிய விரிப்பு, அதைப் பிடித்திருக்கிற இரண்டு கை, கட்டைவிரலில் மினுங்குகிற தழும்பு. டீச்சர் பார்த்ததும் பதறிவிட்டார். "ஐயோ, உன் கையா இது? எப்படி ஊறி வெடிச்சுப் போயிருக்கு! இது என்ன, சுட்டுக்கிட்டியா?"

இல்லை டீச்சர் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, நின்றது, போய்விட்டது. "சுடுதண்ணி பட்டுடுச்சு டீச்சர்" என்றாள் மந்திரி. பதினைந்து வயசுப் பிள்ளையின் கை இப்படியா இருக்கும் என்று டீச்சருக்குத் தோன்றவில்லை. கண் கலங்கியிருந்தால் எதுவும் சரியாகத் தெரியாதே!

விழாவுக்கு அம்மா வராமல் இருந்தால் தேவலை என்று மந்திரி என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தாள். "உனக்கு வேல இருக்கும்லம்மா, அப்பா மட்டும் வரட்டும்." அம்மாவா கேட்பாள்? கூட வேலை செய்கிறவளிடம் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டாள். கிளம்புகிற நேரத்தில் மகளுடைய கட்டைவிரலில் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு கையில? காட்டு."

"சும்மா கீறல்மா. விடு."

"பாத்து நடந்துக்கக் கூடாதா? தண்ணி படாமப் பாத்துக்கோ" என்று அம்மா அந்த விரலைப் பிடித்து ஊதினாள். கீறலே இல்லாத விரல். மந்திரிக்கு அப்போதே எங்கேயாவது ஓடிவிடலாம்போல் இருந்தது.

பள்ளிக்கூட மண்டபத்தில் நுழைந்ததுமே எதிர்ச் சுவரில் அந்தக் கைகள். கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில்: 'பூமிக்காகத் துவைத்த என் கைகள்.' அதற்கும் கீழே வகுப்பு, பிரிவு, மந்திரியின் முழுப் பெயர்.

அப்பா நின்று பார்த்தார். "அட, இது உன்னோட..." என்று அம்மாவின் பக்கம் திரும்பியவருடைய காலை அம்மா நறுக்கென்று மிதித்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா மறுபடியும் ஒருமுறை படத்தைப் பார்த்தாள், பிறகு மகளுடைய பிளாஸ்திரியைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதற்கு அடியில் விட்டுக்கொண்டாள்.

மந்திரி மேடை ஓரத்திலிருந்து அதைப் பார்த்தாள். அம்மா திட்டியிருந்தால், எழுந்து போயிருந்தால் தாங்கியிருப்பாள். அவள் தன் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், திருடினது அவள்போல. மந்திரிக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது. தன் பெயரைக் கூப்பிட்டதும் மேடை நடுவுக்குப் போனாள்.

பேட்ஜ் அவளுக்குத்தான். டீச்சர் அதோடு விட்டாரா? "இந்தப் பிள்ளைய வளத்த அம்மாவும் மேடைக்கு வரணும்" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா, பொண்ணு எப்படித் தொவச்சா?"

"நல்லாத் தொவச்சா டீச்சர். கையெல்லாம் போயிடும், வேணாம்னு நான்தான் சொன்னேன். கேக்கல" என்றாள் அம்மா.

அத்தனை பேர் முன்னால், ஒலிபெருக்கியில், குரல்கூட நடுங்காமல் சொன்னாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று டிப்போவுக்குப் போனில் ஒரு பொய் சொல்லச் சொன்னால் நாள் பூராவும் தவிக்கிறவள்.

"ரெண்டு பேரும் கையச் சேத்துப் பிடிச்சு மேல தூக்குங்க, போட்டோ எடுக்கணும்" என்றார் டீச்சர். அம்மா இடது கையை நீட்டினாள். "அந்தக் கை இல்லம்மா, வலது கை. பையக் குடுங்க, நான் வச்சுக்கறேன்." டீச்சர் பையைப் பிடித்தார். அம்மா விடவில்லை. "பரவால்லைங்க, இருக்கட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடித்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

மந்திரி பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தாள். பைக்கு அடியில் இருந்த கையை வெளியே இழுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"டீச்சர், அந்தப் படத்துல இருக்கறது என் கை இல்ல. இதுதான் அந்தக் கை. எங்கம்மா கை. எல்லாத்தையும் அவங்கதான் தொவச்சாங்க. நான் பொய் சொன்னேன்."

எல்லாரும் காறித் துப்பட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். துப்பவில்லை. ஒருவர் கைதட்டினார், இன்னொருவர் தட்டினார், பிறகு மண்டபமே எழுந்து தட்டியது. டீச்சர் மூக்கை உறிஞ்சினார். "பாத்தீங்களா! இதுதான் உண்மையான வளர்ச்சி!" என்று சொல்லி அந்த பேட்ஜை அவள் சட்டையிலேயே குத்திவிட்டார். கைதட்டல் ஓயவே இல்லை. அம்மாவின் கை மட்டும் மகளுடைய பிடியிலிருந்து நழுவ, மெல்ல மெல்ல, இழுத்துக்கொண்டே இருந்தது. அது மந்திரிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா முன்னால் போய் டிரைவரோடு பேசிக்கொண்டு நின்றார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா பேச மாட்டேங்கற? உண்மையச் சொல்லிட்டேனேம்மா."

"படம் எடுக்கும்போது எதுக்குன்னு சொல்லல. இன்னிக்குத் தூக்கிக் காட்டும்போதும் என்னைய ஒரு வார்த்த கேக்கல." அம்மா இன்னும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கைய நான் கடையில மிச்சக் காசு வாங்கும்போதுகூட விரிச்சுக் காட்டறதில்லடி. அத்தன பேரு பாத்தாங்க. உன் பொய்க்கும் என் கைதான், உன் உண்மைக்கும் என் கைதானா?"

மந்திரி பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மெஷின்மேல் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தாள், அழுக்குத் துணியை எல்லாம் உள்ளே போட்டு ஓடவிட்டாள். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அதற்கு முன்னால் வைத்தாள். அம்மா வந்து, "இவ்வளவு திணிச்சா சுத்தாது" என்று மெஷினை நிறுத்தி, பாதித் துணியை எடுத்து வெளியே போட்டாள். நாற்காலியில் உட்காரவில்லை. அதைச் சுவரோரமாக நகர்த்திவிட்டுப் போனாள். அதற்கப்புறம் சில நாள் சோறு வைக்கிறபோதுகூட மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதத்தின் கடைசிப் பக்கம் இன்னும் பாக்கி இருந்தது. மேடையில் நடந்ததைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார் டீச்சர். மந்திரி வெறும் தாளை நீட்டினாள். தாளுக்கு மேல் பேட்ஜ் இருந்தது.

"ஏம்மா எழுதல? உன்கிட்டதான் எழுத எவ்வளவோ இருக்கே!"

"எழுதினா இதுக்கும் கை தட்டுவீங்க டீச்சர்."

டீச்சருக்கு வழக்கம்போலக் கண் கலங்கப் பார்த்தது. மந்திரியின் முகத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சிவப்பு மையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார்.

அந்தத் தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம், அவர் படிக்காமலே போட்டுக் கொடுப்பார். மந்திரி அம்மாவிடம் கொண்டுபோனாள். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, வெடித்த விரல்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தாள்.

"என்னடி இது, பூஜ்யம்? ஒரு வரிகூடவா எழுதல?" பல நாளைக்குப் பிறகு அம்மாவுக்குச் சத்தம் வந்தது. "பள்ளிக்கூடத்து வேலைன்னுதானே சொன்ன? மார்க் வரும்னுதானே சொன்ன? இதுக்காடி நான் ஒரு மாசம் தொவச்சேன்?"

மந்திரி தலை நிமிரவில்லை. அம்மா திட்டத் திட்ட நின்று கேட்டாள். அம்மா ஓய்ந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் களிம்புக் கறை ஒன்று ஒட்டியிருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு மந்திரி உள்ளே போனாள். மெஷின் ஓடி முடித்திருந்தது. ஈரத் துணியை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். அண்ணனின் பேன்ட்டைக் கடைசியாகப் போட்டாள்.