காலை ஆறு மணிக்கு வந்தால் போதும்

சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை நின்றது. அம்மாவின் ஈரத்தலையிலிருந்து எதையோ உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு, பழுத்த சவுக்கு மரத்து ஊசி இலை.

"என்னடி சங்கரி இது? மயிரெல்லாம் ஒரே பொக நாத்தம்."

தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்த சிவசங்கரி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். சாரம் பகுதியில் இருந்த வீட்டின் பின்பக்கம், நான்கு புறமும் புடவை கட்டி மறைத்த இடத்தில் அம்மாவைப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். புடவைக்கு அந்தப் பக்கம் அண்ணன் வெற்றிவேல் நின்றிருந்தான். நேற்று மதியம் அம்மாவின் மூச்சு நின்றது. இரவு அவன் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான்.

"முந்தாநாள் ராத்திரி எட்டு தடவ போன் அடிச்சேன்," என்றான் புடவைக்கு வெளியிலிருந்து. "எங்க போயிருந்தீங்க?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

அம்மாவின் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மார்கழிப் பனி ஆகாது, சன்னலைக்கூடத் திறக்காதே என்று அண்ணன் தினமும் போனில் சொல்வான். சிவசங்கரியும் திறக்கவில்லை. பத்து நாளாக அம்மாவால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. முந்தாநாள் மதியம் மூன்று மணிக்குத் தானாக எழுந்து உட்கார்ந்தாள்.

"ஸ்கூட்டர் மேல போட்டிருக்கற தார்ப்பாய எடு. துணி காயப்போடுற கயித்தையும் அவுத்துக்க."

"எதுக்கும்மா?"

"வெளியில படுக்கணும். இன்னிக்கே."

அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா அனுமதி கேட்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் விசிலை வாயிலிருந்து எடுத்ததும் வருமே, அந்தக் குரல். அதே பள்ளியில் படித்த காலத்தில் அந்தக் குரலுக்காக சிவசங்கரி வெட்கப்பட்டிருக்கிறாள். இப்போது அதற்குக் கீழ்ப்படிந்து கயிற்றை அவிழ்த்தாள்.

அம்மா இருபத்தேழு வருடம் பி.டி. டீச்சர். சாரணியர் பிள்ளைகளும் அவள் பொறுப்பில்தான். கூடாரம் கட்ட, அடுப்பு மூட்ட, முடிச்சுப் போட எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் பெண்பிள்ளையை ராத்திரி வெளியில் விட எந்த அப்பாவும் சம்மதிக்கவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் கேட்டில் சைக்கிள்கள் வந்து நிற்கும். தீயைச் சுற்றிப் பாடுகிற பாட்டைக்கூட வெயிலில்தான் பாடி முடித்தார்கள்.

அந்த அப்பாக்களில் ஒருவர்தான் ஆட்டோக்கார அம்மாவாசை. அன்று மாலை காலாப்பட்டுக்கு முன்னால் இருந்த சவுக்குத் தோப்பில் இருவரையும் இறக்கிவிட்டுத் தயங்கி நின்றார்.

"டீச்சர், இருட்டுறதுக்குள்ள வந்து இட்டுக்கினு போயிடட்டுமா?"

"உன் பொண்ண அஞ்சு மணிக்கு இட்டுக்கினு போனவன்தான நீ? காலையில ஆறு மணிக்கு வந்தா போதும்."

அவர் சிரித்துக்கொண்டே ஆட்டோவைத் திருப்பினார்.

அம்மா ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். சிவசங்கரி இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றைக் கட்டித் தார்ப்பாயைப் போட்டு, ஓரங்களில் மணலைக் குவித்தாள். சவுக்கு ஊசிகளை ஒரு முழ உயரத்துக்குப் பரப்பினாள்.

"இன்னும் போடு. குளிரு மேலேர்ந்து வராது, தரையிலேர்ந்துதான் வரும்."

இரண்டு நாளுக்கு முன் மழை பெய்திருந்தது. கீழே கிடந்த சுள்ளி எல்லாம் நமுத்துப்போயிருந்தது. மரத்திலேயே காய்ந்து நிற்கிற குச்சிகளை ஒடிக்கச் சொன்னாள் அம்மா. தேங்காய் நாரைக் கசக்கிப் பஞ்சாக்கச் சொன்னாள். தீப்பெட்டியில் எண்ணி இரண்டே குச்சிகள்.

"அதுக்கு மேல கெடையாது. சாரணியர் பரீட்சையில அப்படித்தான்."

முதல் குச்சியை சிவசங்கரி கிழித்தாள். காற்று அணைத்துவிட்டது. அம்மா கையை நீட்டினாள். டம்ளர் பிடிக்காத அந்தக் கை நடுங்கவில்லை. குச்சியைக் கிழித்து, இரண்டு உள்ளங்கைகளுக்குள் பொத்தி, நாருக்கு அடியில் கொண்டுபோய் வைத்து, யாருடைய காதிலோ ரகசியம் சொல்வதுபோல மெல்ல ஊதினாள். புகை வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தீ.

சிவசங்கரிக்கு, முப்பத்துநான்கு வருடம் ஒரே வீட்டில் கூட இருந்தவளை அந்த வெளிச்சத்தில்தான் முதலில் பார்ப்பதுபோல இருந்தது.

சாம்பலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பாதியை அம்மா தின்றாள். மற்ற பாதியையும் கேட்டு வாங்கித் தின்றாள். நடுநிசிக்கு மேல் பனி இறங்கியது. மரங்களுக்கு மேலே, இரண்டு வரிசைகளுக்கு நடுவே தெரிந்த நீளமான வானத்தில் நட்சத்திரங்கள் இடம் போதாமல் கிடந்தன. கடல் அருகில் வந்ததுபோல் கேட்டது.

"ராத்திரி இப்படி இருக்கும்னு இருபத்தேழு வருஷம் புள்ளைங்களுக்குச் சொன்னேன்," என்றாள் அம்மா. "நான் பாத்ததே இல்ல."

"எப்படி இருக்கு?"

அம்மா உதட்டில் விரலை வைத்தாள். விடியும் வரை கண்ணை மூடவில்லை.

கிளம்பும்போது தீயில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றச் சொன்னாள். காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையைச் சாம்பல்மேல் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. சாம்பலைப் புதைத்து, படுக்கையைக் கலைத்து, காலடித் தடத்தையெல்லாம் இலையோடு ஒடித்த ஒரு மிளாறால் பெருக்கச் சொன்னாள்.

"நாம இருந்தது தெரியக்கூடாது."

வீடு வந்து இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு சிவசங்கரி புடவையைப் பார்த்துச் சொன்னாள். தோப்பு, தார்ப்பாய், தீ, புறங்கை வைத்துப் பார்த்தது, எல்லாவற்றையும்.

"பனியிலயா படுக்க வச்ச?" என்றான் வெற்றிவேல். "நீ வேணாம்னு சொல்லியிருந்தா அம்மா இன்னும் பத்து நாள் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்ணா," என்றாள்.

அவன் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்தும் பேசவில்லை. மறுநாள் சுடுகாட்டில் காடாத்து முடிந்து, குருசுக்குப்பம் கடற்கரையில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தவன், மொட்டைத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மாவின் ஸ்கூட்டரை வெளியில் தள்ளினான்.

"ஏறு. எடத்தக் காட்டு."

தோப்பில் மரங்கள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒன்றுபோல நின்றன. அவள் ஒரு வரிசையில் நுழைந்தாள். திரும்பி வந்தாள். இன்னொன்றில் நுழைந்தாள். கயிறு கட்டிய தழும்பு எந்த மரத்திலும் இல்லை. தரையெங்கும் சவுக்கு ஊசிகள், யாரும் மிதிக்காதவைபோல.

"இங்கயா?"

"தெரியலண்ணா."

"வெளையாடுறியா? நாலு நாள்கூட ஆவல."

"அம்மா தெரியாத மாதிரி பண்ணிடுச்சி."

வெற்றிவேல் அவளையே பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். பக்கத்து மரத்தடியில் மண்டியிட்டு, ஊசிகளை விலக்கி, புறங்கையை மணலில் வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். எழுந்து அடுத்த மரத்தடிக்குப் போய் அங்கேயும் வைத்தான்.

சிவசங்கரி ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். அவன் மூன்றாவது வரிசைக்குப் போயிருந்தான். விலக்கிய ஊசிகளை ஒவ்வொரு முறையும் திரும்ப மூடிவிட்டுத்தான் எழுந்தான்.