கடைசி நோட்டை அடிக்காத அங்கிள்

"லைட் இல்லை அங்கிள், லைட்மோட்டிஃப்!"

"அதைத்தான் பிள்ளை நானும் கேக்கிறன். லைட் போனால் அது வேலை செய்யுமோ?"

"அது கரண்ட் சாமான் இல்லை. சங்கீதச் சொல்லு. ஜெர்மன்காரரின்ரை."

"ஜெர்மன் சாமான் எண்டால் நல்லாத்தான் இருக்கும்," என்றார் இராசரத்தினம் அங்கிள்.

போன புரட்டாதியில் எல்லாம் இப்படித்தான் தொடங்கியது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், யாழ்ப்பாணத்தை விட்டு வந்த என் பெரியம்மா பாலேஸ்வரி வாடகைக்கு எடுத்த வீடு. கீழே பெரியம்மாவும் நானும். முன்னறையில் வாடகைக்கு இராசரத்தினம் அங்கிள். காப்புறுதிக் கந்தோரில் வேலை, ஐம்பது தாண்டிவிட்டது, கல்யாணம் இல்லை. மேல்மாடியில் பத்மாவதி மிஸ். பம்பலப்பிட்டியில் கணிதம் படிப்பிக்கிறார், அவருக்கும் கல்யாணம் இல்லை. நான் லண்டன் சங்கீதப் பரீட்சைக்குத் தியரி படித்துக்கொண்டிருந்தேன். காலையில் படித்த சொல்லைப் பின்னேரத்துக்குள் யார் தலையிலாவது கட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பிரச்சினை எங்கள் கேட். சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து, மைமல் பட்டு இருளத் தொடங்கியதும் பெரியம்மா கேட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிவிடுவார். பெல் பழுது. யாராவது தட்டினால் உள்ளேயிருந்து "ஆரது?" என்பார்.

"நான்தான்."

"நான்தான் எண்டால் ஆர்?"

"நான்தான் அக்கா!"

ஒழுங்கையில் நின்று தன் பெயரை உரத்துச் சொல்ல ஒருவருக்கும் விருப்பமில்லை. ஆமிக்காரர் வந்து தட்டினாலும் தட்டுவது ஒரே சத்தம்தான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆளுக்கு ஒரு மெட்டு, வாசலில் நின்று விசில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பெரியம்மா, பாண் விக்கிற ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு வரேக்கை என்ன செய்வீங்கள்?"

"மெட்டுக் கேட்டவுடனை தட்டோடை ஓடுவன்."

"ஓட்டோவைக் கண்டனீங்களோ?"

"காணத் தேவையில்லையே. கேட்டால் காணும்."

"அதுதான் லைட்மோட்டிஃப்! ஒப்பெராவிலை ஆள் மேடைக்கு வரமுந்தி ஆளின்ரை மெட்டு வந்திடும்."

பெரியம்மா யோசித்தார். "பாணுக்கே இருக்குது. எங்களுக்கும் இருக்கட்டும்."

பத்மா மிஸ்ஸுக்கு டோ, மி, ஸோ என்று மாடிப்படி போல ஏறும் மெட்டுக் கொடுத்தேன். "நான் விசில் எல்லாம் அடிக்கமாட்டன். முனகுறன், காணும்," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கிளுக்கு ஸோ, மி, டோ. அவர் முகம் வாடிவிட்டது.

"ஏன் பிள்ளை, நான் மட்டும் இறங்கிறன்?"

"நீங்க கீழ்வீடு அங்கிள்."

முன்வீட்டு மஹ்ரூப் நானாவும் தனக்கொன்று வேண்டும் என்று வந்தார். அவர் விசில் எந்தச் சுருதியிலும் நிற்கவில்லை.

"நானா, நீங்க அடிக்கிறது ஏட்டோனல்," என்றேன். "இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலை கண்டுபிடிச்சது. அதிலை எந்த நோட்டுக்கும் வீடில்லை. திரும்பிப் போய் நிக்க ஓரிடம் கிடையாது."

"அப்ப அது ஒங்கட மெட்டாச்சே புள்ள," என்றார் நானா. "எனக்கு இங்க சொந்த வீடு இருக்கு."

பெரியம்மா அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரவு, யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீட்டின் திறப்பை எடுத்துத் துடைத்து வைத்தார்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் அங்கிள் என் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, இந்த மெட்டுகள்... ரெண்டைச் சேர்க்கலாமோ?"

"எந்த ரெண்டை?"

அங்கிள் மேலே பார்த்தார். சீலிங்கில் பல்லிகூட இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. பத்மா மிஸ்ஸின் தம்பி லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதம் முடிவதற்குள் மிஸ் பதில் சொல்லவேண்டும். அவர் ஓம் என்றுவிட்டால் அங்கிள் கீழே தனியாக இறங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"நேரை கேளுங்கோவன் அங்கிள்."

"அஞ்சு வருசமாக் கேக்கப் பாக்கிறன். வாயைத் திறந்தால் 'மிஸ், தண்ணி வருதோ?' எண்டுதான் வருது."

நான் தியரிப் புத்தகத்தைத் திறந்தேன். "அங்கிள், ரொமான்டிக் காலத்துக்காரரிட்டை ஒரு வித்தை இருக்கு. முடிய வேண்டிய இடத்திலை முடிக்கமாட்டினம். மணித்தியாலக் கணக்கா இழுத்தடிப்பினம். கேக்கிற சனம் அந்தக் கடைசி நோட்டுக்குக் கிடந்து தவிக்கும். நீங்க ஸோ, மி ரெண்டையும் அடிச்சிட்டு நிப்பாட்டுங்கோ. உங்கடை கடைசி நோட்டுத்தான் அவவின்ரை முதல் நோட்டு. கணித மிஸ், பாதிக் கணக்கைப் பாத்துக்கொண்டு இருக்கமாட்டா. அவவே முடிப்பா!"

"முடிச்சால்?"

"முடிச்சால் அதுதான் பதில். ஆனால் மி-யைக் கொஞ்சம் இழுக்கவேணும். அதுக்குப் பேர் ருபாட்டோ. களவெடுத்த நேரம்."

"நேரம் களவெடுக்கிறதோ? கந்தோரிலை நான் அதைத்தானே செய்யிறன்," என்று அங்கிள் உற்சாகமாகிவிட்டார்.

மறுநாள் மைமல். மிஸ் மேலே பல்கனியில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். வாசலில் விசில் கேட்டது. ஸோ... மீ... நின்றது.

நான் பல்கனிப் பக்கம் காதை வைத்தேன். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், ஒன்றைத் தவிர.

"திறக்காதை," என்றார் பெரியம்மா.

"பெரியம்மா, அது அங்கிள்!"

"அங்கிள் எண்டால் மூண்டு நோட்டு. இது ரெண்டுதான். ஆரோ மெட்டைக் கள்ளமாப் பழகிக்கொண்டு வந்திருக்கிறாங்கள்."

ஸோ... மீ... மறுபடி. அங்கிள் மிஸ்ஸின் பதிலுக்காக வெளியே நிற்கிறார், பெரியம்மா மூன்றாவது நோட்டுக்காக உள்ளே நிற்கிறார். திறப்பு பெரியம்மாவின் இடுப்பில். அந்த நேரம் பார்த்து மழையும் தூறத் தொடங்கியது. அதோடு ரோந்து வந்த ஆமிக்காரர் இரண்டு பேரின் சப்பாத்துச் சத்தம்.

"மொகத மெத்தன கரன்னே?" இங்கே என்ன செய்கிறாய் என்று ஒருவர் கேட்டார்.

"மகே கெதர, சேர்," என்றார் அங்கிள். என் வீடு.

"கெதர நங் எத்துலட யன்ன." வீடென்றால் உள்ளே போவதுதானே.

நல்ல கேள்வி. அங்கிளின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். இந்த வீட்டில் இருக்கிறார் என்று பொலிஸில் பதிந்த துண்டு உள்ளே, அவருடைய அறையில். சிங்களம் கேட்டதும் பெரியம்மா முன் பல்பையும் அணைத்துவிட்டார்.

ஏன் விசில் அடித்தாய் என்று ஆமிக்காரர் கேட்டிருப்பார். அங்கிளின் பதில் மட்டும்தான் எனக்குக் கேட்டது. "லைட்மோட்டிஃப், சேர்."

"லைட் எக்க கோ?" லைட் எங்கே? ஆமிக்காரர் டோர்ச்சை எங்கள் அணைந்த பல்பின்மேல் அடித்துப் பார்த்தார்.

அங்கிள் தனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் போட்டு, விசில் அடித்தால்தான் இந்த வீட்டில் திறப்பார்கள் என்று விளக்கினார்.

"எஹனங் கஹன்ன." அப்படியென்றால் அடி.

அங்கிள் இப்போது முழுதாகத்தான் அடிக்கப் பார்த்தார், பாவம். ஸோ வந்தது. மி வந்தது, ருபாட்டோ இல்லாமல். மூன்றாவதுக்கு வாய் வறண்டு வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடி ஊதினார். காற்று. டோர்ச் வெளிச்சம் அவர் முகத்துக்கு வந்துவிட்டது. நான் திறப்பைப் பிடுங்கப் பெரியம்மாவின் இடுப்பில் கைவைத்துவிட்டேன்.

அப்போது மேலே பல்கனியிலிருந்து வந்தது, ஒரு விசில். டோ. நல்ல சுருதி, நீளமாக, சுத்தமாக. விசில் அடிக்கமாட்டேன் என்ற பத்மா மிஸ், சிவப்புப் பேனை கையில் இருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அடித்தார். அதோடு நிறுத்தவில்லை. அந்த டோவிலிருந்தே மி, ஸோ என்று தன் மெட்டையும் ஏறி முடித்தார்.

"இப்ப சரி," என்றார் பெரியம்மா. கேட் திறந்தது.

ஆமிக்காரர் இருவரும் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். இளையவர் பெரிதாகச் சிரித்தார். ஒழுங்கையில் போகும்போது அவரே ஸோ, மி, டோ என்று முழுசாக அடித்துக்கொண்டு போனார். பெரியம்மா பழக்க தோசத்தில் திரும்பவும் கேட்டடிக்குப் போய்விட்டார்.

அங்கிள் நனைந்துபோய் மாடிப்படிக்குக் கீழே நின்றார். மிஸ் பாதிப் படி இறங்கி வந்தார்.

"மிஸ்," என்றார் அங்கிள். "தண்ணி... வருதோ?"

"உங்கடை தலையிலை இருந்து வருது. துடையுங்கோ," என்றார் மிஸ். பிறகு திரும்பி ஏறிக்கொண்டே, "தம்பிக்கு ஏலாதெண்டு சொல்லப்போறன். லண்டனிலை கேட்டடியிலை நிண்டு எனக்கு ஆர் மெட்டைப் பாதியிலை விடப்போகினம்?"

வருகிற தையில் அவர்கள் இருவருக்கும் கல்யாணமும் எழுத்தும். மண்டபத்தில் பியானோ நான்தான். இரண்டு மெட்டையும் பின்னி ஒரு துண்டு எழுதிவிட்டேன், கடைசி நோட்டைத் தவிர. என் பியானோ ரீச்சர், முடிக்காவிட்டால் பிழை என்கிறார். பெரியம்மாவோ, "டோ வராட்டில் நான் மண்டபக் கதவைத் திறக்கமாட்டன்," என்கிறார். எனக்கென்றால் ஸோ, மி வரைக்கும் வாசித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கூறைச் சேலையோடு இருக்கும் பத்மா மிஸ்ஸைத் திரும்பிப் பார்க்க ஆசை. அத்தனை பேருக்கு முன்னால் அவர் விசில் அடிப்பாரா? அடிப்பார் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள், அந்த நோட்டை நான் வாசிக்கட்டுமா, அவருக்கு விட்டுவைக்கட்டுமா?