ஓடாத வண்டிதான் வேணும்

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. அதுவும் முதல் திருப்பிலேயே. விற்கிறவர் பெருமை தாங்காமல் அவள் பக்கம் பார்த்தார். பழைய சின்னக் கார். இரண்டே கதவுகள். முன்னால் தவளைக் கண் போல இரண்டு உருண்டை விளக்குகள். நாற்பது வருடத்துக்கு முந்தைய எஞ்சின், எண்ணெய் விட்ட தையல் மிஷின் மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம் வாடிப்போயிற்று.

"ஓடுதே?" என்றாள்.

"ஓடாம? பொத்திப் பொத்தி வெச்சிருக்கேம்மா. இப்பவே ஏறி உக்காந்து வீட்டுக்கே ஓட்டிட்டுப் போலாம்."

"அப்ப வேணாங்க."

விற்கிறவர் எஞ்சினை அணைத்துவிட்டு, காதில் விழுந்தது சரிதானா என்று இன்னொரு முறை கேட்டார். கூட வந்திருந்த தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அவன் ஸ்கூட்டர் மெக்கானிக். இரண்டு வாரமாக அக்காவோடு பழைய வண்டிகளைப் பார்க்க அலைகிறான்.

"உலகத்துல இல்லாத கூத்தா இருக்குக்கா. மொத மொதல்ல பழைய வண்டி எடுத்து சரி பண்றவங்க ஓடுற வண்டியாத்தான் தேடுவாங்க. நீ என்னடான்னா பொண்ணு பாக்கப் போயிட்டு, பொண்ணு நடக்குது வேணாங்கற மாதிரி பேசுற."

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கேட் அருகில் நின்றிருந்த கணவர் அங்கே இல்லை. எஞ்சின் சத்தம் கேட்டதுமே சாலையைக் கடந்து போய்விட்டார். எதிர்ச் சுவரில் பாதி கிழிந்த ஒரு விளம்பரத்தை, இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவரைத் தெருவில் எல்லோரும் பஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவர். பதினான்கு மாதத்துக்கு முன்பு, ஒரு காலைவேளையில், நீளமான இறக்கம் ஒன்றில் பிரேக் போய்விட்டது. சாலை ஓரத்து மதில்சுவரில் வண்டியை உரசவிட்டு உரசவிட்டு, இறக்கம் முடிவதற்குள் நிறுத்தினார். உள்ளே நாற்பத்தோரு பேர். ஒருவருக்கு மணிக்கட்டு பிசகியது. ஒரு அம்மாளுக்கு முன்பற்கள் இரண்டு போயின. அவ்வளவுதான் சேதம். விசாரணை நடத்தி, ஓட்டுநர்மேல் தவறில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதம் அலமாரியில் இருக்கிறது. ஆனால் அவர் மறுபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறவில்லை. வண்டிகள் போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் குறிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வருவதும் பஸ்ஸில்தான். கடைசி இருக்கையில், ஓட்டுநரின் முதுகுகூடத் தெரியாத மூலையில்.

பேச்சும் அப்படியே பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்டதற்கு "ம்". ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் மட்டும் அவருடைய வலது கால் நீண்டு கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அழுத்தும். அழுத்தி அழுத்திப் பலகையில் வார்னிஷ் போய், குதிகால் அளவுக்கு ஒரு வெளிர்வட்டம் விழுந்திருந்தது. அவள் அதைத் துடைக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் நின்று போகும்.

அவள் வேலை, பல் செய்வது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு ஒரு சின்ன அறையில் மெழுகிலும் பிளாஸ்டரிலும் அக்ரிலிக்கிலும் மற்றவர்களின் பற்களைச் செய்து கொடுப்பவள். அந்த அம்மாளின் இரண்டு முன்பற்களையும் அவள்தான் செய்தாள். வேறு இடத்துக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கிச் செய்தாள். அன்று மாலை கணவரிடம் அதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நிறம் பொருந்துச்சா?" என்று கேட்டார். பொருந்தியது என்றாள். அந்த மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

கல்யாணமான புதிதில் அவர் அப்படி இல்லை. அவளைப் பல்லழகி என்று கூப்பிட்டு வம்பிழுப்பார். இந்தச் சின்ன வண்டிகள்மேல் அவருக்கு ஒரு பைத்தியம். பொம்மை வண்டி என்பார். எதிரில் ஒன்று வந்தால் போதும், அவ்வளவு பெரிய பஸ்ஸை ஒதுக்கி வழி விடுவார். ஏன் ஒதுங்கினோம் என்று பயணிகளுக்குத் தெரியாது. "ஒரு நாள் வாங்கணும். நாம ரெண்டு பேர் மட்டும் போகணும். திரும்பிப் பாத்தா பின்னாடி யாரும் இருக்கக் கூடாது" என்பார். அப்போது அது வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது. முதுகுக்குப் பின்னால் நாற்பது பேரை வைத்துக்கொண்டே வாழ்கிறவனுடைய ஆசை அது என்பது மதில்சுவருக்குப் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அதனால்தான் ஓடாத வண்டி. ஓடாத வண்டியைக் கண்டு யாரும் பயப்பட முடியாது. முற்றத்தில் நிற்கும். ஒரு போல்ட், இரண்டு போல்ட் என்று கழற்றலாம். அது ஓடுவதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகட்டும். அதற்குள் என்றாவது ஒரு நாள், எதையாவது பார்ப்பதற்காக, அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? இந்தப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. "எனக்கு ஒரு பழைய வண்டி வேணும்ங்க, நானே சரி பண்ணப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் "ம்" என்றார். அது எந்த வகை "ம்" என்று மூன்று நாள் யோசித்தாள். ஆனால் வண்டி பார்க்கக் கூடவே வந்தார். வந்து, ஒவ்வொரு இடத்திலும் கேட்டைத் தாண்டாமல் நின்றார்.

போன வாரம் பார்த்தது வேறு மாதிரி. பளபளவென்று இருந்த அந்த வண்டியைப் பார்த்துத் தம்பியே வாயைப் பிளந்தான். அவள் பையிலிருந்து மெழுகு செதுக்கும் கரண்டியை எடுத்து, கதவின் அடிப்பக்கத்தில் காம்பால் தட்டிக்கொண்டே போனாள். டிங், டிங், டொக். "இங்கேர்ந்து இதுவரைக்கும் துரு. மேல பட்டி போட்டு அடைச்சிருக்காங்க" என்றாள். வண்டிக் கடைக்காரர் எரிச்சலோடு, "ஏம்மா, நீங்க என்ன பல் டாக்டரா?" என்றார். "இல்லீங்க, அவங்களுக்கு வேலை செஞ்சு குடுக்கறவ."

அடுத்துப் பார்த்த மூன்றாவது வண்டி, ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில், கொட்டகைக்குள் இருந்தது. பதினோரு வருடமாக நகரவில்லை. சக்கரங்களுக்கு முன்னால் செங்கற்கள். கண்ணாடி இல்லாத ஜன்னல்கள் வழியாகக் கோழிகள் போவதும் வருவதுமாக இருந்தன. பண்ணைக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, விற்க மனமில்லாதவள்போல நின்றாள்.

"எஞ்சின் இறுகிப் போச்சு. பிரேக், விளக்கு ஒண்ணும் கெடையாது. ஆனா பின் சீட்டுல தினம் ஆறு முட்டை கிடைக்கும். எடுக்கறதா இருந்தா அந்தக் கருப்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. அது வீடு அது."

கருப்பி, பின் சீட்டிலிருந்து அவர்களை ஒரு கண்ணால் பார்த்தது.

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இதுதான். ஆனால் கொட்டகைக்குள் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. அவள் தொழிலில் எந்தப் பல்லின் நிறத்தையும் விளக்கு வெளிச்சத்தில் முடிவு செய்யமாட்டார்கள். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் ஒட்டு எது, அசல் எது என்று தெரியும். இருபது வருடப் பழக்கம்.

"வெளிய தள்ளுங்க. வெயில்ல பாத்துதான் சொல்வேன்."

"பிரேக் இல்லக்கா" என்றான் தம்பி.

"ரெண்டு அடிதானேடா."

அவள் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். பண்ணைக்காரி செங்கற்களை உதைத்து நகர்த்தினாள். தம்பியும் பண்ணைக்காரியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். கொட்டகை வாசல்படியில் வண்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு, யாரும் தள்ளாமலே, தானாக நகர ஆரம்பித்தது. கொட்டகைக்கு வெளியே கேட்வரைக்கும் சரிவு. வந்தபோது நடந்தே ஏறியதால் அது அவள் மனதில் சரிவாகப் பதியவே இல்லை. பின்னால் தம்பி கோழி எச்சத்தில் வழுக்கி விழுவது கேட்டது. அவள் காலுக்குக் கிடைத்ததையெல்லாம் மிதித்தாள். எல்லாம் தரைவரை போயிற்று.

"பிரேக் இல்ல!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான் யார் காதில் விழும்படி கத்தினோம் என்று உறைத்தது.

கேட் அருகில் நின்றவர் விலகவில்லை. முன்னால் ஓடிவந்தார். ஐம்பத்து மூன்று வயது உடம்பு, வண்டியோடு பக்கவாட்டில் நான்கு எட்டு ஓடி, அவளுக்கு மறுபக்கத்து ஜன்னலுக்குள் தோள்வரை நுழைந்தது. வண்டி சின்னது. கை எட்டியது.

"கைய எடு! கால எடு!"

கியர்த் தண்டைப் பிடித்து ஒரே தள்ளு. கறகறவென்று ஏதோ அரைபட்டது. சக்கரங்கள் புழுதியில் இழுபட்டு, வண்டி முக்கலோடு நின்றது. கருப்பி ஜன்னல் வழியாகப் பறந்து போயிற்று. பிறகு சத்தமே இல்லை. அவருடைய மூச்சு மட்டும், அவள் முகத்துக்கு மிக அருகில்.

"கல்ல எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"வெளிச்சத்துல பாக்கலாம்னு…"

"பல்லா இது? ஜன்னலுக்குக் கொண்டு போய்ப் பாக்கறதுக்கு?"

அவர் குரல் இவ்வளவு பெரியது என்பதே அவளுக்கு மறந்திருந்தது. முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்த தம்பி, "எப்படி மாமா நின்னுச்சு?" என்றான்.

"எஞ்சின் இறுகிப் போயிருக்கில்ல. கியர்ல விழுந்தா அது சக்கரத்த விடாது. ஓடுற வண்டியா இருந்தா இவ்ளோ சட்டுனு நின்னிருக்காது."

சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்பவர்போல நின்றார். பிறகு கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் கியர்த் தண்டின் குமிழ். அடியோடு முறிந்து வந்திருந்தது.

"போச்சு. இதுக்கு மாத்துக் கிடைக்கவே கிடைக்காது" என்றான் தம்பி.

"வார்த்துடலாம்" என்றாள் அவள். "அச்சு எடுத்தா அப்படியே வரும். ஆனா என்கிட்ட இருக்கறது ஈறு கலர்தான்."

அவர் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பென்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரோஸ் கலர்லயா? அப்ப கூடவே ரெண்டு பல்லும் வெச்சுடு, பல்லழகி."

சொன்ன வாயோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு பல் என்ற சொல் இருவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. அவள் அதைத் தாண்டிப் போக முயலவில்லை. காத்திருந்தாள். கொட்டகைப் பக்கம் பண்ணைக்காரி கருப்பியைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா…" என்றார் கடைசியில், குமிழைப் பார்த்தபடி. "நல்லா சாப்பிடறாங்களா?"

"சாப்பிடறாங்க. போன மாசம் வந்து கடிச்சே காட்டினாங்க."

"ம்" என்றார். இது எந்த வகை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வண்டியை இழுத்து வர ஏற்பாடு செய்யத் தம்பி அங்கேயே தங்கிவிட்டான். இருவரும் பஸ் ஏறினார்கள். அவர் பழக்கம்போலப் பின்பக்கமாக நடந்தார். கடைசி இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு நான்கு வரிசை முன்னாலேயே, அவர் சட்டையில் ஒட்டியிருந்த கோழி இறகை எடுக்க அவள் நிறுத்தியபோது, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசாமலிருப்பது இன்று பாரமாக இல்லை.

பஸ் ஒரு ஏற்றத்தில் திணற ஆரம்பித்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால்மேல் அந்தக் குமிழ்; அதன்மேல் மூடிய உள்ளங்கை. முன்னால் ஓட்டுநர் கியர் மாற்றப்போகிற நேரத்தில், எஞ்சின் சத்தம் அதைச் சொல்வதற்கு ஒரு நொடி முன்பாகவே, அந்தக் கை மெல்லப் பின்னால் நகர்ந்தது. அவள் கீழே பார்த்தாள். பதினான்கு மாதமாக அழுத்திக்கொண்டே இருந்த வலது கால் சும்மா இருந்தது. இடது கால், இல்லாத கிளட்சை மிதித்து, நிதானமாக, மேலே வந்துகொண்டிருந்தது.